இருநூற்றுப் பதினான்கு சத்தங்கள்

அன்று டாக்டர் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரரான கண் டாக்டர் ஹரிராமன். சங்கத்து நோட்டை எழுதி வரும் வர்கீஸ். நூல் வியாபாரி நல்லமுத்து. அறையில் இருந்த ஆம்ப்ளிஃபயரைத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்த ஷாகுல். ஐந்தாவதாக, மோட்டார் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொன்னுரங்கம். சங்கம் என்று பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடி, எங்கிருந்தாவது தேடிப்பிடித்த நல்ல பதிவு ஒன்றைக் கேட்பார்கள். அவ்வளவுதான். ஆனால் விதிகள் உண்டு. செல்போன்கள் எல்லாம் படிக்கட்டில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். மின்விசிறி நிற்க வேண்டும். பாட்டு முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரிசமமான தூரத்தில் இருக்கும் நடு நாற்காலி முறை வைத்து ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். அன்றைய முறை நல்லமுத்துவினுடையது. அவர் எழுந்து நின்று, "அண்ணா, இன்னைக்கு நீங்க உக்காருங். நீங்க எழுதுன பழுதுப் பட்டியலாலதான இந்தப் பாட்டு குளிச்சு முழுகி வந்திருக்குது" என்றார். பொன்னுரங்கம் வேண்டாம் என்று கையை அசைத்தார். ஓர் இடத்தில் நடுவில் உட்காருவது அவருக்கு எப்போதுமே கூச்சம். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்ததுகூட ஓரமாகத்தான் என்று மனைவி வேணி சொல்லிச் சிரிப்பாள். "உக்காருங்க மிஸ்டர் பொன்னுரங்கம்" என்று டாக்டரும் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. ஷாகுல் விசிறியை நிறுத்தினான். இறக்கைகள் கடைசியாக மூன்று சுற்றுச் சுற்றி நின்றன. பொன்னுரங்கம் அதையும் எண்ணினார். எண்ணாமல் இருக்கத் தெரியாது அவருக்கு.

தம்புரா தொடங்கியது. அடேயப்பா என்று நல்லமுத்துவின் மூச்சு சொன்னது, வாய் சொல்லவில்லை. சௌந்தரவல்லி டீச்சர் முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூட ஹாலில் பாடிய கச்சேரி இது. ஊரில் பத்துப் பதினைந்து பேரிடம் இருந்த கேசட்டுகள் நகலுக்கு நகல் எடுத்தவை. அவற்றில் இந்தத் தம்புரா தூரத்தில் ஓடும் மாவு மில் மாதிரி கேட்கும். இப்போது நான்கு தந்திகளும் நான்கு தந்திகளாகவே நின்றன. தந்தியை விட்டு விரல் விலகுவது தெரிந்தது. ஹாலின் உயரம் தெரிந்தது. டீச்சர் இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனால் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தம்புரா டீச்சருக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால், நான்கடி தூரத்தில். அங்கேதான் வேணி உட்கார்ந்திருக்கிறாள். அங்கே என்றால் டாக்டரின் இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஜன்னல் திரை மடிந்து கிடக்கிற இடத்தில். பொன்னுரங்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தோராவது வினாடி. நாற்பத்தோராவது வினாடியில் முதல் சத்தம் வர வேண்டும். இரண்டு கண்ணாடி வளையல்கள் சரிந்து ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம், ஒரு கடுகு வெடிப்பது போல. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. தம்புரா போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டு. பரவாயில்லை, இன்னும் அறுபது இருக்கின்றன என்று நினைத்தார். அறுபதில் ஒன்றாவது துடைத்தவன் கைக்குத் தப்பியிருக்காதா. எந்த ஃபாக்டரியில் நூற்றுக்கு நூறு சரியாக வேலை நடந்திருக்கிறது. ஒன்று போதும், இரண்டுகூட வேண்டாம், ஒன்று.

அந்தக் கச்சேரிக்கு நான்கு நாள் முன்பு புதன்கிழமைதான் வேணிக்கு வளைகாப்பு. அம்சவேணி என்பது முழுப் பெயர், கூப்பிட்டது எல்லாம் வேணி. வலது கைக்குப் பதினொன்று, இடது கைக்குப் பத்து, எல்லாம் கண்ணாடி, பச்சையும் சிவப்பும். பிள்ளை பிறக்கும் வரை கழற்றக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர்களில் சுருதி பிசகாமல் தம்புரா மீட்டக்கூடியவள் இவள்தான். ஏழு மாச வயிற்றோடு தம்புராவை நிமிர்த்தி அணைத்துக்கொண்டு, "டீச்சர், இது சத்தம் போடுங்களே" என்று கையைக் காட்டியபோது டீச்சர், "கழட்டாதே. உள்ளே இருக்கிறதும் கேக்கட்டும்" என்றாராம். அப்படியும் இவளுக்கு மனசு கேட்கவில்லை. பொன்னுரங்கத்தின் கைக்குட்டையை வாங்கி வலது கை வளையல்கள் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கட்டு அடிக்கடி நழுவியது. நழுவும்போதெல்லாம் ஒரு சத்தம். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்டது. பாட்டைக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பாட்டும் தெரியாது. பாட்டுக் கேட்கப் பழகியது எல்லாம் பின்னால், வீடு ரொம்பவும் அமைதியாகிப் போன பிறகு.

மூன்றாவது நிமிஷம் பதினொன்றாவது வினாடி. இல்லை. டீச்சர் தோடியைத் தொட்டுவிட்டார். குரல் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்றால் பல்லிடுக்கில் காற்றுப் போவதுகூடக் கேட்டது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார். இதற்காக எத்தனை வருஷம் அலைந்திருக்கிறார்கள். வலையில் 'உயர்தரம்' என்று போட்டு விற்பதை எல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். முப்பத்தொன்று வாங்கியதில் ஒன்பது போலி, சாதாரண சி.டி.யை ஊதிப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதை முதலில் சொன்னவர் பொன்னுரங்கம்தான். கூச்சத்தோடு, "இதுல மேல காத்து இல்லைங்க, மூடி போட்ட மாதிரி இருக்குது" என்றார். ஷாகுல் கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தைப் படமாகப் போட்டுப் பார்த்து, "சத்தியமா சொல்றேன், அண்ணன் காதுல மீட்டர் இருக்கு" என்று கும்பிட்டான். எட்டாவது வரை படித்தவருக்கு அந்தக் காது கம்பெனியில் வந்தது. ஓடும் மோட்டாரின் பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். குண்டுமணி அளவு இரும்புக் குண்டில் ஊசி முனை அளவு பள்ளம் விழுந்திருந்தாலும் அவருக்குக் கேட்கும். ஒரு நாளைக்கு நாற்பது மோட்டார். கேட்க ஒன்றும் இல்லாத மோட்டார்தான் நல்ல மோட்டார். சத்தம் என்றால் பழுது, பழுது என்றால் எழுது, எழுதினால் எடுத்துவிடுவார்கள். முப்பத்தாறு வருஷம் காதுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஐந்தாவது நிமிஷம் இரண்டாவது வினாடி. இல்லை. ஐந்தாவது நிமிஷத்தில் மூன்று உண்டு. மூன்றும் இல்லை.

அசல் ஸ்பூல் நாடா திருப்பூரில் கிடைத்தது. அன்று பதிவு செய்த பனியன் கம்பெனிக்காரர் இறந்துபோய், அவர் மகன் சாமி அலமாரியில் நாப்தலின் உருண்டைகளோடு வைத்திருந்தார். மெட்ராஸ் ஸ்டூடியோவில் அதை மிதமாகச் சூடேற்றிக் காயவைத்து ஒரே ஒரு முறை ஓட்டினார்கள். ஓடும்போதே நாடாவின் பூச்சு மூக்குப்பொடி போல உதிர்ந்து, ஓடி முடித்தபோது வெறும் பிளாஸ்டிக் ரிப்பன்தான் சுருண்டு கிடந்ததாம். ஆனால் அந்த ஒரு ஓட்டத்தில் இருந்தது எல்லாம் கம்ப்யூட்டர் கோப்பில் ஏறிவிட்டது. இருந்தது எல்லாம். இனி இதைச் சுத்தம் செய்ய வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று நிமிஷம் வினாடியோடு பட்டியல் கொடுங்கள் என்றார்கள். சங்கம் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. ஐப்பசியில் பத்தொன்பது நாள், தினம் காலை சாப்பாட்டுக்குப் பிறகு, ஷாகுல் இரவல் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். திறந்த வகை ஹெட்போன், வீட்டுச் சத்தமும் உள்ளே வரும். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதினார். நாடாவின் பொட்டுப் பொட்டென்ற சத்தம் தொண்ணூற்றேழு. இருமல் முப்பத்தெட்டு. நாற்காலி பன்னிரண்டு. ஸ்கூட்டர் ஹாரன் இரண்டு. யாரோ ஒருவரின் கைக்குழந்தை அழுதது நான்கு. வளையல் அறுபத்தொன்று. ஆக மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. கூட்டிப் பார்த்து, கீழிருந்து மேலாக இன்னொரு தடவையும் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

எட்டு, ஒன்பது, பதின்மூன்று. பதின்மூன்றாவது நிமிஷத்தில் கட்டு முழுசாக அவிழ்ந்திருக்க வேண்டும், அடுத்தடுத்து ஏழு. அங்கே ஏதாவது இருந்தே தீர வேண்டும். ஏழையும் ஒருவன் எப்படித் துடைத்து எடுக்க முடியும். பொன்னுரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார். டீச்சர் மேலே போனார், நின்றார், இறங்கினார். அந்த இறக்கத்தின் அடியில் தம்புரா மட்டும், கழுவித் துடைத்த சில்வர் தட்டு மாதிரி. கெட்டிக்காரப் பையன் யாரோ மெட்ராஸில் உட்கார்ந்து செய்திருக்கிறான். எடுத்த இடம்கூடத் தெரியவில்லை, தழும்பு இல்லை. பள்ளமாவது விட்டிருக்கலாம். சரி, தம்புரா இருக்கிறதே, அது அவள் கைதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் தம்புரா மீட்டுகிறவள் ஒருத்தி அங்கே இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் டீச்சர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அதை அவள் நன்றாகப் படித்திருந்தாள். யார் மீட்டினாலும் இதே நான்கு தந்திதான். வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள், நாற்பத்தொரு வருஷம். அலமாரியில் ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள் இருக்கின்றன, எண் போட்டு, உறை போட்டு. ஜெர்மனியில் பதிந்த பியானோ, ஜப்பானில் பதிந்த முரசு, ஏதோ ஒரு காட்டில் மழை பெய்வது. வேணியின் குரல் ஒன்றில்கூட இல்லை. போனில் பேசக் கூச்சப்படுவாள், 'நீங்களே பேசுங்க' என்று நீட்டிவிடுவாள். சித்திரையில் அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, ஆயிரத்து நூற்று நாற்பதையும் ஒன்று விடாமல் பார்த்தார். இல்லை. அப்போதுதான் வளையல் நினைவு வந்தது. வந்ததும் பட்டியலும் நினைவு வந்தது.

அவளிடம் அவர் ஐப்பசியிலேயே, பட்டியலைக் கூட்டி முடித்த அன்றைக்கே சொல்லியிருந்தார். பெருமையாகத்தான் சொன்னார். "வேணி, உன் வளையல் மட்டும் அறுபத்தொரு தடவை. கச்சேரியே உன்னாலதான் கெட்டுது." அவள் முறத்தில் கடலைப் பருப்போடு நின்றாள். "அறுபத்தொண்ணா? அதையும் எண்ணியாச்சுங்களா? பேங்க்ல போடறதுக்கா?" என்று சிரித்தாள். பிறகு, "எடுத்துரச் சொல்லுங்க. டீச்சர் பாட்டு மட்டும் இருந்தாப் போதும்" என்றாள். அதோடு போயிருக்கலாம். அவர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்ட பிறகும் போகாமல் நின்று, முறத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "அவளும் அன்னிக்கு இதையெல்லாம் கேட்டுட்டுத்தான இருந்தா." ஹெட்போனில் அப்போது ஒன்றும் ஓடவில்லை. நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி பென்சிலை எடுத்து, ஸ்டூடியோவுக்கு அனுப்பப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்த பிரதியில் அடுத்த எண்ணை எழுதினார். அவள் என்றது யாரை என்று கேட்க வேண்டியதே இல்லை. பெண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தது. பதினாறாம் நாள் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் பெயர் இல்லை. பிரசவத்துக்கு முன் நர்ஸ் சோப்புப் போட்டு வளையல்களைக் கழற்றிக் காகிதத்தில் பொட்டலமாகக் கொடுத்தாள், பத்தொன்பது முழுசாக, இரண்டு உடைந்து. பொட்டலத்தை அப்புறம் வேணி என்ன செய்தாள் என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தக் குழந்தையைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதற்கு அவர் எழுதியது 'எண் 143, வளையல், 29-06'. அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றியிருந்தால். கழற்றி, உட்காரு என்று சொல்லி, அவள் காதில் மாட்டியிருந்தால். அவள் கேட்டிருப்பாளே, அந்தக் குழந்தை கேட்டதை.

இருபத்தொன்பதாவது நிமிஷம் ஆறாவது வினாடி. இல்லை. அது இல்லாதது மட்டும் தனியாகக் கேட்டது. முதல் முறையாக அவருக்குப் பயமாக இருந்தது; ஒன்றுமே மிஞ்சப் போவதில்லை என்ற பயம். கழுவாத கோப்பு எங்கேயும் இல்லை; ஊரில் இருந்த நகல் கேசட்டுகளில் வளையல் கேட்கவே கேட்காது. தையில் வர்கீஸ் போன் செய்து கேட்டார்: "ஸ்டூடியோக்காரங்க கேக்கறாங்க, பழசையும் ஒரு காப்பி வெச்சுக்கவா, அழிச்சுரவான்னு." பொன்னுரங்கம் யோசிக்கவே இல்லை. இரண்டு பிரதி இருந்தால் கெட்டதுதான் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றும், நல்லது அலமாரியிலேயே தூங்கும் என்பது சங்கத்தில் எல்லாரும் பட்டுத் தெரிந்த விஷயம். "அழிச்சுரச் சொல்லுங்க. ஒண்ணுதான் இருக்கணும்" என்றார். பேசிக்கொண்டிருந்தபோது வேணி பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அப்போதும் கைக்கு இரண்டு கண்ணாடி வளையல், எப்போதும் போல. பக்கெட் விளிம்பில் தட்டித் தட்டி. போனில் வர்கீஸ் சொல்வது சரியாகக் கேட்கவில்லை என்று அவர் அவளைப் பார்த்துக் கையை அசைத்தார். சத்தம் போடாதே என்று. அவள் வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிக்கொண்டாள். சித்திரையில் பெண்டுகள் சுற்றி நின்று அவளுக்குப் புது வளையல் போட்டுவிட்டார்கள், பச்சை, கைக்குப் பன்னிரண்டு. தூக்கும்போது கை துவண்டு தொங்கியது. இருபத்து நான்கு வளையல்கள், ஒன்றுகூடக் கேட்கவில்லை. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து. முப்பத்தெட்டில் இரண்டு. இல்லை, இல்லை. நாற்பத்திரண்டாவது நிமிஷத்துக் கைக்குழந்தையும் இல்லை. வராத வளையல்களை ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது என்று அவர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். நாற்பத்தாறாவது நிமிஷம் முப்பதாவது வினாடியில் டீச்சர் மங்களம் பாடிக்கொண்டிருந்தபோது அறுபத்தொன்றாவதும் வராமல் போனது. மடக்கிய விரல்களை அவர் பிரிக்கவில்லை. இனி எதற்குக் கேட்பது. கைதட்டல் வந்தது, பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் மழை விழுவது போல. தட்டியவர்களில் அவரும் ஒருவர், மூன்றாவது வரிசையில், வயசு முப்பத்திரண்டு, இன்னும் இரண்டு மாசத்தில் அப்பாவாகப் போகிறவர். கைதட்டல் அடங்கியது. தம்புராவைக் கீழே வைக்கும் மெல்லிய கட்டைச் சத்தம். அப்புறம், இடப்பக்கம், நான்கடி பின்னால், திரை மடிந்து கிடந்த இடத்தில், இரண்டு கண்ணாடி வளையல்கள் சரிந்து ஒன்றை ஒன்று தொட்டன. பொன்னுரங்கம் தலையைத் திருப்பி, "காபிய அங்க வெச்சுட்டுப் போ வேணி" என்றார்.

சங்கத்தின் பன்னிரண்டு வருஷத்தில் பதிவு ஓடி முடியும் முன்பு ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது. ஐப்பசியில், பத்தொன்பதாம் நாள், இதே இடத்தில் இதே சத்தம் கேட்டது. அதே நேரத்தில் வேணி பின்னாலிருந்து காபி டம்ளரை மேஜையில் வைத்தாள். பதிவில் வந்த சத்தத்தை அவளுடைய கை வளையல் என்று நினைத்து, திரும்பாமலே இதே வார்த்தைகளைச் சொன்னார். பேரிங்கில் ஊசி முனைப் பள்ளத்தைக் கண்டுபிடித்த காது அதை மட்டும் எழுதவில்லை. எழுதாததால் எடுக்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஷாகுல் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்துகொண்டான். நல்லமுத்துதான் வழக்கமான கேலிக் குரலை வரவழைத்துக்கொண்டு, "என்னங்ணா, மீட்டர் காது கடைசில ஒண்ணக் கோட்டை விட்டுருச்சுங்களே. வளையல் மாதிரி இருந்துச்சு. வர்கீஸ், நாற்பத்தேழு பத்தொம்பதுன்னு குறிச்சு மெட்ராசுக்கு அனுப்பீருங், அதையும் துடைச்சுரட்டும்" என்றார். வர்கீஸ் நோட்டைப் பிரித்தார். பட்டியல் 214, நீக்கியது 214 என்று முன்பே எழுதி, மிச்சம் என்ற கட்டத்தைக் காலியாக வைத்திருந்தார். பேனா மூடியைக் கழற்றினார். "குடுங்க வர்கீஸ், நான் எழுதறேன்" என்று பொன்னுரங்கம் எழுந்தார். நடு நாற்காலியிலிருந்து நான்கு எட்டு. இதுவரை அந்த நோட்டில் அவர் கை வைத்ததில்லை. கையெழுத்து கோணல் என்ற கூச்சம். மடக்கியிருந்த விரல்களை அப்போதுதான் பிரித்தார். 'நாற்பத்தேழாவது நிமிஷம் பத்தொன்பதாவது வினாடி. பழுது அல்ல. யாரும் எடுக்கக் கூடாது' என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கீழே பெயர் எழுதப் போனவர், தன் பெயரை எழுதாமல் அம்சவேணி என்று எழுதினார். பிறகு அந்தக் காலிக் கட்டத்துக்குள், கோட்டில் படாமல், எழுதினார்: மிச்சம் 1.